செம்புச் சுரங்கத்தில் ஒரு பகல்

சென்ற கோடை விடுமுறையில் தோழியர் பலர் கொடைக்கானலுக்கும் குற்றாலத்துக்கும் சென்றிருக்க, அக்காள் தங்கையராகிய நாங்கள் இருவரும் அம்மாவுடன் ஓர் அரிசிக் கப்பலில் பயணம் செய்துகொண்டிருந்தோம். எங்கள் அப்பா சரக்குக் கப்பலில் எஞ்சினியராகப் பணிபுரிபவர். ஆண்டில் எட்டு மாதம் கடலில் இருப்பார். இம்முறை குடும்பத்தை உடன் அழைத்துக்கொள்ளக் கம்பெனி அனுமதி அளித்தது. விமானத்தில் பனாமா சென்று, அங்கே கப்பலேறினோம். கப்பல் போகும் இடம் கியூபாத் தீவில் உள்ள சாண்டியாகோ துறைமுகம் என்று அறிந்தவுடன், அந்நாட்டைத் தேசப்படத்தில் தேடிக் கண்டுபிடித்தோம். கரீபியக் கடலில் முதலையொன்று படுத்திருப்பதுபோல் நீண்டு கிடந்தது அத்தீவு.

அம்மாவின் பெட்டியில் துணிகளுக்கிடையே ஒரு சிறு பொட்டலம் இருந்தது. உள்ளங்கையளவே உள்ள வெள்ளிக் கப்பல் அது. இரண்டாண்டுகளுக்கு முன் அப்பாவின் கப்பல் அட்லாண்டிக் கடலில் புயலில் அகப்பட்டு ஒன்பது நாள் எவ்விதச் செய்தியும் இல்லாமல் போயிற்று. அந்த ஒன்பது நாளும் எங்கள் வீட்டில் உலை வைத்தார்களா என்பதே நினைவில்லை. பத்தாம் நாள் அப்பாவின் குரலைத் தொலைபேசியில் கேட்டோம். வேளாங்கண்ணி மாதாவுக்கு வெள்ளிக் கப்பல் செய்து வைப்பதாக அம்மா நேர்ந்திருந்தார். ஆசாரி இழுத்தடித்து, நாங்கள் புறப்படுவதற்கு மூன்று நாள் முன்புதான் அதைக் கொண்டுவந்து கொடுத்தார். பூட்டிய வீட்டில் நேர்ச்சைப் பொருளை வைத்துவிட்டுப் போக மனமில்லாமல் அம்மா அதைக் கையோடு எடுத்துக்கொண்டார்.

சாண்டியாகோ துறைமுகத்தின் வாய் மிகவும் குறுகலானது. வலப்புறம் செங்குத்தான பாறைமேல் மோரோ என்னும் பழைய ஸ்பானியக் கோட்டை நிற்கிறது. கப்பல் அதன் காலடியில் மெதுவாக நுழைந்தபோது மேலே நின்றவர்கள் கையசைத்தார்கள். நாங்களும் அசைத்தோம். அரிசி இறக்குவதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். அப்பாவுக்கு ஒருநாள் ஓய்வு கிடைத்தது. "இங்கிருந்து இருபது கிலோமீட்டரில் ஒரு மாதா கோயில் இருக்கிறது. கப்பற்காரர்கள் எல்லாரும் போவார்கள்" என்று அவர் சொன்னதுதான் தாமதம், அம்மா புறப்பட்டுவிட்டார்.

எங்களை அழைத்துச்சென்ற காரோட்டி அறுபது வயதைத் தாண்டிய கறுப்பினப் பெரியவர். கார் அவரைவிட மூத்தது. துறைமுகத்தில் மாலுமிகளோடு பழகி ஓரளவு ஆங்கிலம் கற்றிருந்தார். அது போதாத இடங்களில் அப்பா தமக்குத் தெரிந்த ஸ்பானியச் சொற்களை வைத்து நிரப்பினார். நாங்கள் அவரைத் தாத்தா என்றோம். அச்சொல்லின் பொருளை அறிந்ததும் சிரித்து, வழிநெடுகத் தம்மைத் தாமே "தாத்தா" என்று சொல்லிக்கொண்டார்.

மலைப்பாதையின் இருபுறமும் மக்கள் சூரியகாந்திப் பூக்களைக் கட்டித் தொங்கவிட்டு விற்றார்கள். மஞ்சள் அந்த அன்னைக்கு உரிய நிறமாம். ஒரு வளைவில் திரும்பியவுடன் எதிரே பச்சைமலைகளின் நடுவே வெளிர்மஞ்சள் நிறத்தில் பசிலிக்கா தோன்றியது. அதன் சிவந்த குவிமாடங்கள் வெயிலில் மின்னின. அம்மா முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு சிலுவை அடையாளம் வரைந்தார். ஆனால் தாத்தா காரைக் கோயிலுக்கு விடவில்லை. எதிர்ப்புறம் திருப்பினார். "முதலில் அவள் பிள்ளைகள் எங்கே வேலை செய்தார்கள் என்று பாருங்கள். பிறகு அவளைப் பார்க்கலாம்" என்றார். அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. கோயிலுக்கு வந்தவர்கள் சுரங்கத்தை ஏன் பார்க்க வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றியது.

ஊரின் பெயர் எல் கோப்ரே. ஸ்பானிய மொழியில் கோப்ரே என்றால் செம்பு. ஊருக்கும் மலைக்கும் மாதாவுக்கும் பெயர் தந்தது செம்புதான். செம்பு என்ற சொல்லைக் கேட்டால் தூத்துக்குடிக்காரர்களாகிய எங்களுக்கு 2018ஆம் ஆண்டு மே மாதம் நினைவுக்கு வராமல் இராது. அதை இங்கே விரித்தெழுதப் போவதில்லை. அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள் என்று மட்டும் சொல்லி மேலே செல்கிறோம்.

சுரங்கம் என்றதும் இருண்ட குகையை எதிர்பார்த்திருந்தோம். நாங்கள் கண்டதோ ஒரு பெரும் பள்ளம். மலையின் வயிற்றை யாரோ கரண்டியால் சுரண்டி எடுத்ததுபோல் இருந்தது. சுற்றிலும் படிபடியாக வெட்டப்பட்ட பாறைச் சுவர்கள். சில இடங்களில் துருநிறம், சில இடங்களில் களிம்புப் பச்சை. அடியிலே அசைவற்ற நீர். அந்நீரின் நிறத்தை எப்படிச் சொல்வது? எங்கள் ஆச்சி புளி போட்டுத் துலக்காமல் விட்ட செப்புக்குடத்தின் அடியில் பிடிக்குமே, அந்தப் பச்சையோடு வானத்தின் நீலத்தைக் கலந்தாற்போன்ற நிறம். அழகாகத்தான் இருந்தது. அழகென்று சொல்ல ஏனோ கூச்சமாகவும் இருந்தது.

தாத்தா வாலிபத்திலிருந்து இப்பள்ளத்தில் தாது ஏற்றும் லாரி ஓட்டியவராம். 2001ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. நீரிறைக்கும் இயந்திரங்களை நிறுத்தியதும் பள்ளத்தில் நீர் நிறைந்தது. "நான் லாரி திருப்பும் இடம் அதோ அங்கே, தண்ணீருக்குள்" என்று அவர் விரல் நீட்டிக் காட்டினார். நாங்கள் உற்றுப் பார்த்தோம். நீர்தான் தெரிந்தது.

பள்ளத்தை நோக்கி நிற்கும் குன்றின்மேல் ஏறினோம். அதன் பெயர் கார்தெனியோ. செம்பில் ஏறும் களிம்பு என்று பொருளாம். எங்கள் ஒப்புமை அவ்வளவு தவறில்லை! குன்றின் உச்சியில் 1997ஆம் ஆண்டு அல்பெர்டோ லெஸ்காய் என்னும் சிற்பி அமைத்த நினைவுச்சின்னம் உள்ளது. தப்பியோடிய அடிமைக்காக எழுப்பப்பட்டது அது. ஒரு கொப்பரையிலிருந்து கையும் குதிரையும் ஒன்றாய் உருகி வானத்தை நோக்கி எழுவதுபோல் நிற்கிறது. அதன் நிழலில் அமர்ந்துதான் தாத்தா எங்களுக்கு ஊரின் கதையைச் சொன்னார். அவர் சொன்னவற்றைக் கப்பலுக்குத் திரும்பியபின் அப்பாவின் உதவியுடன் புத்தகங்களிலும் சரிபார்த்துக்கொண்டோம்.

கொலம்பஸ் கியூபாவைக் கண்டது 1492இல். அடுத்த அரை நூற்றாண்டுக்குள் ஸ்பானியர் இம்மலையில் செம்பு தோண்டத் தொடங்கிவிட்டார்கள். 1599இல் சான்செஸ் டி மோயா என்னும் பீரங்கிப்படைத் தளபதி மன்னரின் ஆணையோடு வந்தார். இங்கே எடுத்த செம்பு ஹவானாவுக்குச் சென்று பீரங்கிகளாக வார்க்கப்பட்டது. தோண்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டவர்கள். 1670இல் சுரங்கக் குத்தகைதாரர் ஒப்பந்தப்படி நடக்கவில்லை என்று மன்னர் சுரங்கத்தைப் பறிமுதல் செய்தார். அதிலிருந்த மனிதர்களும் சேர்த்தே பறிமுதலானார்கள். அன்றுமுதல் அவர்களுக்கு "மன்னரின் அடிமைகள்" என்று பெயர். பெயரில் மன்னர் இருந்தாலும் அடிமை அடிமைதானே!

ஆனாலும் மன்னர் வெகுதொலைவில் இருந்தார். அம்மக்கள் நிலம் உழுதார்கள், குடும்பமாய் வாழ்ந்தார்கள், ஊர்க்காவலுக்குத் தாங்களே படை அமைத்தார்கள். ஆண்கள் முறைவைத்துக் கோட்டை கட்டும் வேலைக்குச் செல்ல வேண்டும். நாங்கள் கப்பலில் வரும்போது கையசைத்தோமே, அந்த மோரோக் கோட்டையின் கற்களைத் தூக்கியவர்களில் இவர்களும் உண்டு. ஆண்கள் அங்கே செல்ல, பெண்கள் கைவிடப்பட்ட சுரங்கத்தில் மேற்பரப்பிலும் பழைய குப்பைமேட்டிலும் தாதைப் பொறுக்கிக் கழுவிச் செம்பெடுத்து விற்றார்கள். மலைமுழுதும் பீரங்கிக்கென்று தோண்டப்பட்ட இடத்தில், மிஞ்சியதைக் கழுவி அடுப்பெரித்தவர்கள் பெண்கள். தாத்தா இதைச் சொல்லும்போது தம் தாய்வழிப் பாட்டிமார் அத்தகையோரே என்று பெருமையோடு சொன்னார். அதுவரை கோயில் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்த அம்மா அப்போதுதான் திரும்பிப் பள்ளத்தைப் பார்த்தார்.

1731இல் வேலைச்சுமை தாங்காமல் அவர்கள் கலகம் செய்து மலைக்குள் சென்றுவிட்டார்கள். 1780இல் பழைய குத்தகைதாரரின் வாரிசுகளுக்குச் சுரங்கத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, பல தலைமுறையாய் அங்கே வாழ்ந்தவர்களைப் பிடித்து விற்கவும் தொடங்கினார்கள். அப்போது ஊரார் செய்த காரியம் எங்களை வியக்கவைத்தது. தங்களில் ஒருவரான கோஸ்மே ஒசோரியோ என்பவரைக் கடல்தாண்டி ஸ்பெயினின் தலைநகருக்கே வழக்குரைக்க அனுப்பினார்கள். ஏறத்தாழ இருபதாண்டுகள் இழுபறி. 1800இல் ஆணை பிறந்தது. 1801இல் எல் கோப்ரேயில் மாதாவின் முன்னிலையில் வாசிக்கப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் விடுதலை பெற்றார்கள். கியூபா முழுவதும் அடிமைமுறை ஒழிந்தது 1886இல்தான் என்பதை எண்ணிப் பாருங்கள்.

கதை அத்தோடு நல்லவிதமாய் முடிந்திருக்கலாம். முடியவில்லை. 1830களில் ஆங்கிலேயர் வந்து சுரங்கத்தை மீண்டும் திறந்தார்கள். கார்ன்வால் நாட்டுச் சுரங்கத் தொழிலாளரும் நீராவி இயந்திரங்களும் வந்திறங்கின. தாது வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ நகருக்கு உருக்கச் சென்றது. 1833இல் தன் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழிக்கச் சட்டமியற்றிய அதே இங்கிலாந்தின் பங்குதாரர்கள், இங்கே புதிதாக அடிமைகளைக் கொண்டுவந்து வேலை வாங்கினார்கள். இதை எங்கள் வரலாற்றுப் புத்தகத்தில் நாங்கள் படித்ததில்லை.

"இவ்வளவும் நடக்கும்போது மாதா எதிர் மலையில் இருந்தாளா?" என்று எங்களில் இளையவள் கேட்டுவிட்டாள். அம்மா அவளை முறைத்தார். அப்பா சற்றுத் தயங்கித்தான் அதை மொழிபெயர்த்தார். தாத்தா கோபிக்கவில்லை. "எதிர் மலையில் இல்லை, குழந்தாய். எங்களோடு கீழே இருந்தாள். அவளுடைய கோயிலே 1906இல் இடிந்துபோயிற்று, தெரியுமா? சுரங்கம் தோண்டித் தோண்டி அடிநிலம் உள்வாங்கிவிட்டது. எங்கள் வீடுகள் இடிந்தன, அவள் வீடும் இடிந்தது" என்றார். இப்போதுள்ள பசிலிக்கா 1927இல் கட்டப்பட்டதாம்.

பிறகுதான் கோயிலுக்குச் சென்றோம். படிகளை எண்ணத் தொடங்கிப் பாதிவழியில் ஆளுக்கொரு கணக்காகி, அந்தச் சண்டை இன்றும் தீரவில்லை. உள்ளே நல்ல குளிர்ச்சி. அன்னையின் சுரூபம் ஒரு முழத்துக்கும் குறைவு. பொன்னிற அங்கி அணிந்து, கையில் பாலனை ஏந்தி, கண்ணாடிப் பேழைக்குள் நிற்கிறாள். பூசை நேரத்தில் மக்களை நோக்கியும், மற்ற நேரத்தில் பின்புறச் சிற்றாலயத்தை நோக்கியும் சுரூபத்தைத் திருப்பி வைக்கிறார்கள். நாங்கள் சென்றபோது பூசை முடிந்திருந்ததால் பின்புறம் ஏறி மிக அருகில் நின்று பார்த்தோம். இவ்வன்னையைக் கியூபாவின் பாதுகாவலியாகப் பாப்பரசர் 15ஆம் ஆசீர்வாதப்பர் 1916இல் அறிவித்தார். விடுதலைப் போரில் ஈடுபட்ட பழைய வீரர்களே அதற்கு விண்ணப்பித்தவர்கள். 1998இல் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் சாண்டியாகோ நகரில் இச்சுரூபத்துக்கு முடிசூட்டினார். 2012இல் 16ஆம் ஆசீர்வாதப்பரும், 2015இல் பாப்பரசர் பிரான்சிசும் இங்கேயே வந்து செபித்தார்கள்.

சுரூபம் கிடைத்த வரலாறு இது. ஏறத்தாழ 1612ஆம் ஆண்டு. சுரங்கத் தொழிலாளருக்கான இறைச்சியைப் பதப்படுத்த உப்பு வேண்டும். ரோட்ரிகோ, ஹுவான் என்னும் பூர்வகுடிச் சகோதரர் இருவரும், ஹுவான் மொரேனோ என்னும் பத்து வயது அடிமைச் சிறுவனும் சிறு படகில் நீபே விரிகுடாவுக்குச் சென்றார்கள். கடல் அமைதியான பின் விடியற்காலையில் ஏதோ வெள்ளையாய் மிதந்து வந்தது. பறவையென்று எண்ணினார்கள். அருகில் வந்தபோது பலகைமேல் நின்ற மாதாவின் சுரூபம்! "நானே பிறரன்பின் கன்னி" என்று பலகையில் எழுதியிருந்தது. ஆடை நனையவில்லையாம். இதை நாம் அறிவது எவ்வாறெனில், அச்சிறுவன் 85 வயது கிழவனான பின் 1687இல் சத்தியம் செய்து சொன்ன வாக்குமூலம் ஸ்பெயின் நாட்டு ஆவணக்காப்பகத்தில் கிடைத்திருக்கிறது. ஓர் அடிமையின் சொல்லை எழுதிவைத்தார்களே என்று எங்களுக்கு ஆச்சரியம்.

இன்னொன்றையும் அறிந்தோம். இவ்வன்னையின் திருநாள் செப்டம்பர் 8. வேளாங்கண்ணித் திருநாளும் அதே நாள்! அங்கே புயலில் தப்பிய போர்த்துக்கீசிய மாலுமிகள், இங்கே உப்பெடுக்கப் போன மூவர். அம்மா இதைக் கேட்டதும் மாதாவைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

காணிக்கைகள் வைக்கும் அறை வேறு. ஊன்றுகோல்கள், பெண்கள் வெட்டிக் கொடுத்த நீண்ட கூந்தல், விளையாட்டு வீரர்களின் சட்டைகள், பட்டங்கள், சிறு படகுகள். எழுத்தாளர் ஹெமிங்வே 1954இல் பெற்ற நோபல் பதக்கத்தையும் இம்மாதாவுக்கே கொடுத்தாராம். அது 1986இல் திருடுபோய் மீண்டும் கிடைத்தபின் வெளியே வைப்பதில்லை. தாத்தா ஒரு மூலையைக் காட்டி, சுரங்கத்தில் பாறை சரிந்து பிழைத்தவர்கள் கொண்டுவந்து வைப்பது அங்கேதான் என்றார்.

வெளியே வந்ததும் தாத்தா சட்டைப்பையிலிருந்து இரண்டு சிறு கற்களை எடுத்து எங்களுக்கு ஆளுக்கொன்று தந்தார். சாம்பல்நிறக் கல்லில் பொன்போன்ற துகள்கள் மின்னின. செம்பும் இரும்பும் கந்தகமும் கலந்த தாது அது. வீட்டில் ஒரு குவளை நீரில் இட்டு மாதா படத்தின்முன் வைப்பது ஊர் வழக்கமாம். படியோரம் சிறுவர் விற்கும் கற்களைப்போல் இவையும் விலைக்கென்று எண்ணி அப்பா பணத்தை நீட்டினார். தாத்தா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "என் சுரங்கத்துக் கல். நான் விற்பதில்லை. கொடுக்க விரும்பினால் அவளுக்குக் கொடுங்கள்" என்றார்.

அம்மா கைப்பையைத் திறந்து பொட்டலத்தை எடுத்தார்.

"என்னங்க, இதை இங்கேயே வச்சிரட்டுமா?"

"நேர்ந்தது வேளாங்கண்ணிக்கு. நேர்ந்த இடத்தில்தானே செலுத்தணும்?" என்றார் அப்பா.

"ரெண்டு பேருக்கும் ஒரே நாள்தானே திருநாள்."

"அதுக்காக? ஆரோக்கிய மாதாகிட்ட என்ன சொல்லுவே?"

அம்மா பதில் சொல்லவில்லை. ஒருநாளும் அப்பாவின் சொல்லைத் தட்டாத அம்மா, தனியே படியேறி உள்ளே சென்றார். நாங்கள் பின்னால் ஓடினோம். காணிக்கை அறையில் ஒரு கன்னியர் அம்மாவின் கையிலிருந்து கப்பலை வாங்கி, இருபுறமும் திருப்பிப் பார்த்து, சாண்டியாகோ துறைமுகத்துக்குள் நுழைவதுபோல் முகப்பை உட்புறமாக வைத்து நிறுத்தினார். அது நின்ற இடத்துக்கு அருகில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் தலைக்கவசம் இருந்தது. அம்மா தமிழில்தான் செபித்தார். அப்பாவுக்காகச் செபிப்பார் என்று எண்ணினோம். ஆனால் எங்கள் காதில் விழுந்தது, செம்பு கழுவிய பெண்களுக்காக அவர் சொன்ன மரித்தோர் செபம்.

திரும்பும் வழியில் யாரும் அதிகம் பேசவில்லை. அப்பா மட்டும் ஒருமுறை, "ஆசாரி வேலை நல்லாத்தான் இருந்தது" என்றார்.

செப்டம்பர் மாதம் வேளாங்கண்ணிக்குச் சென்றோம். வெள்ளி விலை ஏறிவிட்டதால் இரண்டாவது கப்பலுக்கு அம்மா இன்னும் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறார். தேர் நகரத் தொடங்கிய நேரத்தில் அப்பா எங்கோ நடுக்கடலிலிருந்து கூப்பிட்டார். வேட்டுச் சத்தத்திலும் மணியோசையிலும் அவர் பேசியது பாதி கேட்கவில்லை.

"கப்பல் கொடுத்தாச்சா?" என்று கேட்டது மட்டும் காதில் விழுந்தது.

"அடுத்த வருஷம் கொடுத்திரலாம்" என்றார் அம்மா. "சொல்லியாச்சு. காத்திருப்பாங்க."